வரைவோருக்கு அப்பால்: அரசியலமைப்பு ஆக்கப் பயிற்சியும் கண்டிப் பிரதேசத்தின் அனுபவமும்

போரிலிருந்தோ நீடித்த இனப் பூசலிலிருந்தோ மீளும் நாடுகளில் புதிய அரசியலமைப்பை ஆக்குவதற்கென ஆட்களைப் பயிற்றுவித்தல், கடந்த முப்பது ஆண்டுகளில் தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அத்துறைக்கெனக் கைநூல்கள் உள்ளன, நிலையங்கள் உள்ளன, நாடு நாடாகச் சென்றுவரும் நிபுணர்களும் உள்ளனர். ஆயினும் யாரைப் பயிற்றுவிப்பது என்ற முதற் கேள்விக்கு அத்துறை நிறைவான விடை கண்டதாகத் தெரியவில்லை. கண்டியை அடுத்த குண்டசாலையில் நிகழும் இவ்வுரை, அக்கேள்வியை இலங்கையின் அனுபவத்தை, அதிலும் கண்டிப் பிரதேசத்தின் அனுபவத்தை, முன்வைத்து ஆராய முற்படுகிறது. அரசியலமைப்பு ஆக்கம் என்பது ஓர் ஆவணத்தை எழுதி முடிப்பதை மட்டும் குறிப்பதன்று. பேச்சுவார்த்தை, மக்களின் கருத்தறிதல், வரைதல், ஏற்றல், ஏற்றபின் முதற் சில ஆண்டுகள் அதனை நடைமுறைப்படுத்துதல் ஆகிய அனைத்தையும் அது உள்ளடக்கும் என்பதே இங்கு கொள்ளப்படும் பொருளாகும்.

இத்துறையின் இன்றைய வடிவம் பனிப்போரின் முடிவுக்குப் பின்னர் உருவானது. 1995இல் ஸ்டொக்ஹோமில் தொடங்கப்பட்ட, சனநாயகத்துக்கும் தேர்தல் உதவிக்குமான சர்வதேச நிறுவனமும், ஹைடல்பேர்க்கின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்களும், பர்மாவின் இனக்குழுத் தலைவர்களோடு நீண்டகாலம் பணியாற்றிய இந்தியானா பல்கலைக்கழகத்தின் அரசியலமைப்புச் சனநாயக நிலையமும், கூட்டாட்சி முறையைக் கற்பிக்கும் சுவிற்சர்லாந்தின் பிரிபோர்க் பல்கலைக்கழக நிறுவனமும் இத்துறையின் நிலையங்களுள் நன்கறியப்பட்டவை. ஆனால் செயல் பழையது. இந்திய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9இல் கூடியபோது அதன் அரசியலமைப்பு ஆலோசகராயிருந்த பெனகல் நரசிங் ராவ், பிற நாடுகளின் யாப்புகளிலிருந்து முன்னுதாரணங்களைத் தொகுத்து உறுப்பினர்களின் கையில் கொடுத்ததோடு, மாகாணங்களுக்கும் ஒன்றியத்துக்குமான ஏற்பாடுகள் பற்றி வினாக்கொத்துகளை அனுப்பி அவர்களைச் சிந்திக்கவும் வைத்தார். பிரிவினையின் இரத்தம் காயாத 1947இன் இறுதியில் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளுக்குச் சென்று நீதியரசர்களையும் அறிஞர்களையும் கலந்தாலோசித்துத் திரும்பினார். பயிற்சி என்ற பெயர் அதற்கு அன்று இடப்படவில்லை என்பதே வேறுபாடு.

இலங்கையில் அதே காலத்தில் நிகழ்ந்தது வேறு வகையானது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரும், பின்னர் அதனைப் பேராதனைக்குக் கொண்டுவந்தவருமான சேர் ஐவர் ஜெனிங்ஸ், டி. எஸ். சேனநாயக்கவின் ஆலோசகராக இருந்து 1944ஆம் ஆண்டின் அமைச்சர்கள் வரைவை உருவாக்க உதவினார். அவ்வரைவே சுதந்திர இலங்கையின் முதல் யாப்பாகிய சோல்பரி யாப்பின் அடித்தளமாயிற்று. பின்னர் அவர் பாகிஸ்தானுக்கும் நேபாளத்துக்கும் ஆலோசனை வழங்கியதோடு மலாயாவின் ரீட் ஆணைக்குழுவிலும் உறுப்பினராயிருந்தார். இன்று நாடுகளைச் சுற்றிவரும் அரசியலமைப்பு நிபுணர்களுக்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்கவர், மகாவலியின் கரையில் பல்கலைக்கழகம் கட்டிய இம்மனிதரே எனலாம். வரைதலில் அவருக்கிருந்த தேர்ச்சியை எவரும் மறுக்க இயலாது. எனினும் சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்தின் மீதும் ஏனையோர் மீது சுமத்தப்படாத தடைகளைச் சுமத்தும் சட்டத்தை இயற்றலாகாது என்று தெளிவாக விதித்திருந்தும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது அப்பிரிவு பயன்படவில்லை. சட்டத்தின் வாசகம் எந்த இனத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை என்பதால், 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அதற்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. எழுத்தில் இருந்த காப்பினை ஆட்சி செய்வோரின் எண்ணத்தில் ஊன்றவைக்க அன்று யாரும் முயலவில்லை.

வரைவோர் குறைவினால் இலங்கை துன்புற்றதில்லை என்பதை அதன் பின்னரான வரலாறும் காட்டுகிறது. 1972 மே 22இல் ஏற்கப்பட்ட முதலாவது குடியரசு யாப்பின் சிற்பி கொல்வின் ஆர். டி சில்வா, சட்டத்திலும் வரலாற்றிலும் ஆழ்ந்த புலமை வாய்ந்தவர். ஆனால் தனது திருத்தங்கள் தோற்கடிக்கப்பட்டதைத் தொடர்ந்து சமஷ்டிக் கட்சி 1971 யூனில் நிர்ணய சபையை விட்டு வெளியேறியபின், எஞ்சியோர் தமக்குள்ளேயே பேசிக்கொண்டனர். பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்த ஏ. ஜெயரத்தினம் வில்சன், 1978ஆம் ஆண்டு யாப்பின் காலத்தில் ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு ஆலோசகராயிருந்தார். அதிகாரப் பகிர்வை விரித்துரைத்த 1995ஆம் ஆண்டு யோசனைகளின் பின்னணியில் நின்ற நீலன் திருச்செல்வம், 1999 யூலை 29இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அந்த யோசனைகளின் வழிவந்த சட்டமூலம் 2000 ஆகஸ்ட் 3இல் முன்வைக்கப்பட்டபோது, அதன் பிரதிகள் பாராளுமன்றத்துக்குள்ளேயே எரிக்கப்பட்டன. இவர்கள் அனைவரும் உலகத் தரத்தில் வைத்தெண்ணத் தக்க அறிஞர்கள். 1982இல் கண்டியிலும் கொழும்பிலும் அலுவலகங்களோடு தொடங்கப்பட்ட இனத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச நிலையம், இத்தகைய ஒப்பாய்வுக்கெனவே இயங்கிவந்தது. அறிவு இருந்தது, அது சென்று சேரவேண்டிய இடங்களுக்கு வழி இருக்கவில்லை.

வெளிநாட்டுப் பயிற்சியின் உச்சக்கட்டம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வந்தது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் அரசும் விடுதலைப் புலிகளும் ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி அடிப்படையிலான தீர்வை ஆராய உடன்பட்டதையடுத்து, கூட்டாட்சி பற்றிய பாடங்களும் பயணங்களும் பெருகின. புலிகளின் அரசியலமைப்புக் குழு 2003 ஆகஸ்டில் பாரிசில் கூடி இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபைக்கான யோசனைகளை ஆராய்ந்தது. அவை அக்டோபர் இறுதியில் கையளிக்கப்பட்டன. நவம்பர் 4இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் தம்வசமாக்கினார். பேச்சை மீளத் தொடங்கும் முயற்சி அங்கேயே நின்றது. இங்கு கவனிக்கத்தக்கது, கற்கச் சென்றவர்கள் யார் என்பதாகும். பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்த இரு தரப்பின் சிறு குழுக்களே கூட்டாட்சியைப் பற்றி வாசித்தன. மாத்தளையிலோ மாவனெல்லையிலோ குண்டசாலையிலோ கட்சிக் கிளைகளை நடத்தியவர்களுக்கும், விகாரைகளின் தலைமைப் பிக்குகளுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும் கூட்டாட்சி என்பது பிரிவினையின் மறுபெயர் என்றே தொடர்ந்து சொல்லப்பட்டுவந்தது. அதை மறுத்துரைக்க வேண்டியவர்களுக்கு வேண்டிய தகவல் எதுவும் கையில் இருக்கவில்லை.

விந்தை என்னவெனில், இலங்கையில் கூட்டாட்சியை அமைப்பு ரீதியாக முதலில் கோரியவர்களுள் கண்டிச் சிங்களவரும் அடங்குவர். 1927இல் யாப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமோர் ஆணைக்குழுவின் முன் கண்டியத் தேசிய மன்றம் சாட்சியளித்தபோது, கரையோரச் சிங்களவருக்கும் வடகிழக்குத் தமிழருக்கும் கண்டியருக்கும் என மூன்று அலகுகள் கொண்ட கூட்டாட்சியைக் கேட்டது. 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி உடன்படிக்கை பேணுவதாக ஏற்ற உரிமைகள், 1818இன் கிளர்ச்சிக்குப் பின் வெளியிடப்பட்ட பிரகடனத்தால் சுருக்கப்பட்டதையும், 1833இல் கோல்புறூக் சீர்திருத்தங்கள் கண்டியைத் தனி நிருவாகமாக இருப்பதிலிருந்து நீக்கியதையும் அவர்கள் மறந்திருக்கவில்லை. தென்னிந்திய நாயக்க வழி மன்னரின் உறவினர் அரியணைக்கு உரிமை கோரலாகாது என்று விதித்த அதே உடன்படிக்கையில் பிரதானிகள் சிலர் தமிழெழுத்திலும் ஒப்பமிட்டனர் என்பதும், கடைசிச் சிங்கள மன்னனாகிய ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்து 1739இல் இறந்ததும் அரியணை அவனுடைய மதுரைப் பட்டத்தரசியின் தம்பிக்குச் சென்றது என்பதும் இப்பிரதேசத்தில் பலரும் அறிந்தவையே. கண்டியில் நடைபெறும் எந்தப் பயிற்சியும் பெல்ஜியத்தின் சமூக அவைகளில் தொடங்குவதைவிட, 1927ஆம் ஆண்டின் இச்சாட்சியத்தில் தொடங்குவது பொருத்தமாகும். சொந்தப் பாட்டனார் கேட்ட ஒன்றை அந்நியச் சதி என்று தள்ளிவிடுவது எளிதன்று.

2015இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் நடந்த முயற்சி, மக்களிடம் செல்லும் வகையில் முன்னையவற்றைவிட மேம்பட்டது. சட்டத்தரணி லால் விஜேநாயக்கவின் தலைமையில் 20 பேர் கொண்ட மக்கள் கருத்தறியும் குழு, 25 மாவட்டங்களிலும் அமர்வுகள் நடத்தி 2016 மேயில் அறிக்கை தந்தது. 2016 மார்ச் 9ஆம் திகதிய தீர்மானத்தின்படி பாராளுமன்றம் முழுவதும் அரசியலமைப்புப் பேரவையாக அமர்ந்தது. வழிப்படுத்தும் குழுவின் இடைக்கால அறிக்கை 2017 செப்டம்பர் 21இல் வெளிவந்தது. மக்களைக் கேட்டது நன்று. ஆனால் கேட்டதற்கும் எழுதியதற்குமிடையே நிகழ்ந்ததை மக்களுக்கு எடுத்துச்சொல்ல எவரும் ஆயத்தம் செய்யப்படவில்லை. அமர்வுகளுக்கு வந்து பேசியவர்கள் வீடு திரும்பியபின் அவர்களுடன் தொடர்பு அறுந்தது. 2017இல் மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்கள் புதிய யாப்பு தேவையில்லை என்று அறிவித்தபோது, கண்டி மாவட்டத்தின் ஆளுங்கட்சி உறுப்பினர்களுள்கூட அறிக்கையின் உள்ளடக்கத்தை விளக்கி மறுமொழி கூற முன்வந்தவர் அரிது. ஆட்சியாளருக்கு அரசியல் துணிவு போதவில்லை என்பதும் உண்மையே. ஆனால் துணிவிருந்த இடங்களிலும் விளக்கும் திறன் இருக்கவில்லை.

தென்னாபிரிக்காவின் செயல்முறை இவ்விடைவெளியை நன்கு அறிந்திருந்தது. 1994 முதல் 1996 வரை சிரில் ராமபோசா தலைமை வகித்த அரசியலமைப்புப் பேரவை, வானொலி நிகழ்ச்சிகள், செய்தித்தாள், தொலைபேசிச் சேவை, கிராமக் கூட்டங்கள் ஆகியவற்றைத் தன் பணியின் பகுதியாகவே நடத்தியது. அரசியலமைப்பு நீதிமன்றம் 1996 செப்டம்பரில் முதல் வரைவைத் திருப்பியனுப்பி டிசம்பரில் உறுதிசெய்தபின், இறுதி வாசகம் பதினொரு மொழிகளில் எழுபது இலட்சம் பிரதிகளாக விநியோகிக்கப்பட்டது. 2008இல் 601 உறுப்பினர்களோடு கூடிய நேபாளத்தின் அரசியல் நிர்ணய சபை வேறொரு பாடத்தைத் தருகிறது. முன்னாள் கெரில்லாக்களும் தலித்துகளும் பெண்களும் அதில் பெருந்தொகையாக இடம்பெற்றிருந்தனர். வாசிக்கச் சிரமப்பட்டவர்களும் இருந்தனர். அவர்களுக்கெனக் காத்மண்டுவில் அரசியலமைப்பு உரையாடல் நிலையமொன்று அமைக்கப்பட்டு விரிவான பயிற்சிகள் தரப்பட்டன. பயிற்சி பயனற்றுப் போகவில்லை, ஆனால் முடிவுகள் கட்சித் தலைவர்கள் சிலரின் அறையிலேயே எடுக்கப்பட்டமையால் கற்றவர்கள் கற்றதைப் பயன்படுத்த இடமிருக்கவில்லை. 2012இல் சபை கலைந்தது. இரண்டாவது சபை, 2015இன் நிலநடுக்கத்துக்குப் பின் அவசரமாக நிறைவேற்றிய யாப்பை மாதேசி மக்கள் வீதியிலிறங்கி எதிர்த்தனர். தலைமை கேட்க விரும்பாத அவையில் உறுப்பினரைப் பயிற்றுவிப்பதன் பயன் சிறிதே. 1995இல் டேற்றன் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பொஸ்னியாவின் யாப்பைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கு பயிற்சிக்கே நேரமிருக்கவில்லை.

ஆகவே வரைவோருக்கும் மக்களுக்குமிடையே உள்ளவர்களே பயிற்சிக்கு முதன்மையானவர்கள் என்பது இவ்வுரையின் கருத்து. பிரதேச சபை உறுப்பினர், தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி, கிராம உத்தியோகத்தர், சட்டத்தரணி, மதகுரு, உள்ளூர்ச் செய்தியாளர், மாகாண நிருவாகத்தின் அதிகாரி ஆகியோரே யாப்பை வாழவைப்போரும் சாகவிடுவோருமாவர். இது பொதுப்படச் சொல்லப்படும்போது வெறும் விருப்பமாகத் தோன்றலாம் என்பதால், குண்டசாலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை அணுகிப் பார்த்தல் தகும்.

மத்திய மாகாண சபையின் கட்டடத் தொகுதி குண்டசாலைப் பிரதேசத்தைச் சேர்ந்த பல்லேகலையில் அமைந்துள்ளது. 1987 நவம்பரின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் உருவான மாகாண சபைகளின் அதிகாரங்கள் யாப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்களாக வகுக்கப்பட்டுள்ளன: முதலாம் நிரல் மாகாண சபைக்கு உரியது, இரண்டாம் நிரல் மத்திக்கென ஒதுக்கியது, மூன்றாம் நிரல் இரு தரப்புக்கும் பொதுவானது. இரண்டாம் நிரல், எல்லா விடயங்களையும் பற்றிய தேசியக் கொள்கை மத்திக்குரியது என்று தொடங்குவதால், முதலாம் நிரலில் கொடுத்ததாகக் கூறப்படும் எதனையும் கொள்கையென்ற பெயரில் திரும்பப் பெற வழியுண்டு. காணி முதலாம் நிரலில் இருப்பினும் அதன் பின்னிணைப்பு, அரச காணி தொடர்ந்து குடியரசுக்கே உரியது என்றும், அதனைப் பிரசைகளுக்குக் கையளிப்பவர் மாகாண சபையின் ஆலோசனையின் பேரில் ஜனாதிபதி என்றும் கூறுகிறது. அதே பின்னிணைப்பு விதித்த தேசியக் காணி ஆணைக்குழு அமைக்கப்படவேயில்லை.

இவ்வாசகங்களின் பொருள் பேச்சுவார்த்தை மேசையில் அல்ல, நுவரெலியா மாவட்டத்தின் இராகலைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து எழுந்த வழக்கிலேயே தீர்மானிக்கப்பட்டது. அரச காணியிலிருந்து வெளியேறுமாறு தோட்ட அத்தியட்சகர் அனுப்பிய அறிவித்தலுக்கு எதிராக ஒருவர் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது அதிகாரியின் செயலை இரத்துச்செய்யும் நீதிமன்றக் கட்டளை, கோரினார். மாகாண மேல் நீதிமன்றம் முதலாம் நிரலுக்குட்பட்ட விடயங்களிலேயே அத்தகைய கட்டளையை வழங்கலாம் என்பதால், அரச காணி அந்நிரலுக்குட்பட்டதா என்பதே வினாவாயிற்று. மேல் நீதிமன்றம் தனக்கு நியாயாதிக்கம் இல்லையென்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டென்றது. 2013 செப்டம்பர் 26இல், அதாவது வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்து ஐந்து நாள்களின் பின், உயர் நீதிமன்றம் இல்லையென்று முடித்தது. வடக்கில் போருக்குப் பின்னரான அதிகாரப் பகிர்வின் எல்லையை மலையகத் தோட்டமொன்றின் வெளியேற்ற அறிவித்தல் வரைந்துவிட்டது. பயிற்சியொன்றுக்கு இதைவிடச் சிறந்த பாடம் தேடவேண்டியதில்லை: பங்குபற்றுவோர் தீர்ப்பை அறியுமுன் அட்டவணையையும் பின்னிணைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, சிலர் அத்தியட்சகராகவும் சிலர் குடியிருந்தவராகவும் சிலர் மாகாண அமைச்சராகவும் சிலர் நீதியரசராகவும் வாதிட்டுப் பார்ப்பாராயின், தெளிவற்ற வாசகம் எழுதுவோருக்கு இணக்கமாகவும் ஆள்வோருக்கு வசதியாகவும் இருப்பதன் விலையை யார் கொடுக்கின்றனர் என்பது நண்பகலுக்குள் விளங்கிவிடும்.

மலையக மக்களைப் பொறுத்தவரை யாப்பின் வாசகம் மட்டும் போதாதென்பதும் இங்கு கூறப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்துவந்தது. அம்மக்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தனர், ஆனால் அவர்களுடைய லயத்துக்குச் செல்லும் பாதையைச் சபை செப்பனிட இயலவில்லை. 2018இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. சமத்துவத்தை உறுதிசெய்த யாப்பின் நிழலில் முப்பது ஆண்டுகள் இருந்த அத்தடையைக் கண்டுபிடிக்க யாப்பு நிபுணர் தேவையில்லை, சாதாரணச் சட்டத்தை வாசிக்கத் தெரிந்த சபை உறுப்பினர் போதும். பயிற்சித் திட்டங்களோ சாதாரணச் சட்டங்களைத் தொடுவதேயில்லை.

2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டபோது, புதிய யாப்புக்கான பேரவை இன்னும் நடந்துகொண்டிருந்தது. திகனை இங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. போர் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நாட்டில் வேறொரு பூசல் எழக்கூடும் என்பதை இது காட்டியது. வடக்கு-தெற்கு என்ற ஒற்றை அச்சில் பாடத்திட்டம் அமைக்கும் பயிற்சியாளர்கள் கண்டி மாவட்டத்தின் முஸ்லிம்களை அடிக்குறிப்பாக்கிவிடுகின்றனர். தாக்கப்பட்டோரும் தாக்கியோரின் அயலவரும் ஒரே அறையில் அமருமுன் தனித்தனியே அமர்ந்து பேசும் கட்டம் ஒன்று தேவைப்படும் என்பதும், ஒற்றுமையின் பெயரால் அதனைத் தாண்டிச் செல்வது அவர்களை வாய்மூடச் செய்வதாகும் என்பதும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கவை.

பயிற்சித் துறையின் சொந்தக் குறைகளையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கொடையாளரின் நிதியாண்டுக்கேற்ப ஒழுங்கமைக்கப்படும் இரண்டு நாள் செயலமர்வுகள், கொழும்பின் நட்சத்திர விடுதிகள், ஆங்கிலத்தில் நடந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் அரைகுறையாக மாற்றப்படும் விரிவுரைகள், எங்கு போனாலும் தென்படும் அதே நாற்பது முகங்கள் ஆகியன இலங்கையில் யாவரும் அறிந்தவை. ஸ்பெயினிலும் கனடாவிலும் எது வெற்றி பெற்றது என்று கேட்டு மனனம் செய்தவரைவிட, அங்கு எது இன்னும் தீராதிருக்கிறது என்று கேட்டவரே பயன்பெற்றுத் திரும்புவர். எதிர்த்தரப்பின் அச்சத்தை அத்தரப்பினர் ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைக்கக் கற்பதே பயிற்சியின் மிகக் கடினமான பகுதி. யாழ்ப்பாணத்தவர் கண்டிப் பிக்குவின் அச்சத்தையும், கண்டி இளைஞர் வல்வெட்டித்துறைத் தாயின் அச்சத்தையும் கேலியின்றி எடுத்துரைக்கப் பல மாதங்கள் பழக வேண்டும்.

காலம் பற்றிய கேள்வியும் எஞ்சியுள்ளது. வரைவொன்று வெளிவந்ததும் கட்சிகள் நிலை எடுத்துவிடுவதால், அதன் பின்னர் நடத்தப்படும் கல்வி எதுவும் பிரசாரமாகவே கொள்ளப்படும். மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2017இல் அவசரமாகத் திருத்தப்பட்ட தேர்தல் சட்டமும் பாராளுமன்றம் நிராகரித்த எல்லை நிர்ணய அறிக்கையும் தேர்தலை முடக்கியபின், ஆளுநரும் அதிகாரிகளுமே பல்லேகலையில் நிருவாகத்தை நடத்திவந்தனர். 2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, 2015க்குப் பின் தொடங்கிய யாப்புப் பணியை நிறைவுசெய்வதாகத் தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் கூறியிருந்தது. வரைவு மேசைக்கு வருமுன் கிடைக்கும் இடைவெளியில் மாகாண அதிகாரிகளும் பிரதேச சபை உறுப்பினர்களும் ஒன்பதாம் அட்டவணையையும், இராகலை வழக்கின் தீர்ப்பையும், 1927ஆம் ஆண்டுச் சாட்சியத்தையும் தத்தம் மொழியில் வாசித்து முடித்திருக்க வேண்டும். அதற்குக் கொழும்பின் அனுமதியோ ஜெனீவாவின் நிதியோ தேவையில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும், கண்டிச் சட்டத்தரணிகளும், இரு மொழியும் அறிந்த இடைநிலை அதிகாரிகள் சிலரும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளும் கிடைத்தால் போதும்.